எடை குறைப்பு ஆபரேஷன்: இருபது வருடக் கணக்கு போட்டுப் பார்ப்போம்



காலை எட்டு மணிக்குக் கடை திறந்து கல்லாவில் அமர்ந்தால், இரவு ஒன்பது பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு பதினொரு மணிக்கு. இடையில் வருகிற புரோக்கருக்கு ஒரு டீ, அவரோடு நமக்கும் ஒரு டீ, கூடவே ஒரு வடை. மூட்டை தூக்குகிறவர் வேறு, பாக்கி வசூலுக்கு நடக்கிறவர் வேறு. நம் கையில் அசைவது பேனா மட்டுமே. இதனால் நம்மில் பலருக்கு நாற்பது வயதுக்குள் தொந்தியும், ஐம்பதுக்குள் சர்க்கரையும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

சில வருடங்களாக நம் கடைவீதியில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இன்னார் ஆபரேஷன் செய்துகொண்டாராம், முப்பது கிலோ குறைந்துவிட்டதாம், சர்க்கரை மாத்திரையே கிடையாதாம்!" இதைக் கேட்டுவிட்டு, "நாமும் செய்துகொள்ளலாமா?" என்று விசாரிப்பவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

நாம் மருத்துவர் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்ததும் விருதுநகரில் பருப்பு மண்டியில் அமர்ந்தவர்கள். ஆனால் இந்த விஷயத்தில் நம் வீட்டில் ஒருமுறை பட்ட அனுபவம் உண்டு. இப்போது இரண்டாவது முறையாக முடிவெடுக்க வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. அதற்காக மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தம்பிக்கு நடந்தது

நம் தம்பி 2018-ல் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் முறையில் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். அப்போது எடை 118 கிலோ, தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஒரே வருடத்தில் 38 கிலோ குறைந்தது. இன்சுலின் நின்றது. மாடிப்படி ஏறி வந்து சரக்குக் கணக்கு பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம்.

மூன்றாவது வருடம், "உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நாமும் கண்டுகொள்ளவில்லை. 2022-ல் பாதம் மரத்துப் போனது, நாக்கு எரிந்தது, நடக்கும்போது தள்ளாடினார். பழைய சர்க்கரையின் வேலை என்றே நினைத்து ஆறு மாதம் கடத்தினோம். பிறகு உள்ளூர் டாக்டர் ஒருவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 மிகவும் குறைந்து, நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. தம்பி சைவம் என்பதால் குறைவு இன்னும் சீக்கிரம் வந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு தள்ளாட்டம் நின்றது. ஆனால் இடது காலில் செருப்பு கழன்று போனால் இன்றும் அவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வருடத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆயுள் முழுவதும் எந்தெந்த மாத்திரை, எந்தெந்தப் பரிசோதனை என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தாள் நான்கு வருடம் இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருந்தது. எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆபரேஷன் என்பது என்ன?

தொப்பையில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. இங்கே கைவைப்பது இரைப்பையிலும் குடலிலும். நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வகை நடக்கின்றன.

முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல விடுவார்கள். வெட்டியதை மறுபடியும் சேர்க்க முடியாது.

இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளளவுள்ள சிறு பையைப் பிரித்து, அதைக் கீழே உள்ள சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். உணவு, நடுவில் உள்ள குடல் பகுதியைத் தொடாமல் போகும். இதையே சற்று மாற்றி ஒரே இணைப்போடு செய்வதை 'மினி பைபாஸ்' என்கிறார்கள்.

இரண்டிலும் சாப்பாட்டின் அளவு குறைவதோடு, பசியையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தும் சுரப்புகளும் மாறுகின்றன. அதனால்தான் எடை குறைவதற்கு முன்பே சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியையே விலக்கி இணைக்கும் ஒரு முறை இருந்தது. எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் வருடங்கள் போகப் போகக் கல்லீரல் கெடுவதும், சிறுநீரகக் கல்லும், சத்துக் குறைவும் தலைகாட்டின. கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள். 1966-ல் எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் வேறு வழியில் செய்ததுதான் இன்றைய பைபாஸுக்கு மூலம். முதல் வருடத்தில் தெரியாத குறை பத்தாவது வருடத்தில் தெரியலாம் என்பதே இதில் நாம் படிக்க வேண்டியது. ஆகவே விசாரிக்கும்போது, "ஒரு வருடத்தில் எத்தனை கிலோ குறையும்?" என்பதோடு, "பத்து இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும்?" என்றும் கேட்க வேண்டும்.

வரவுப் பக்கம்

நீண்டகாலக் கணக்கு கிடைப்பது ஸ்வீடன் நாட்டில். 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போன்ற பருமனோடு வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் இரண்டு வருடங்களுக்குள் உடல் எடையில் 32 சதவீதம் குறைந்தது. பத்து வருடம் கழித்தும் 25 சதவீதம் குறைந்தே இருந்தது. 2020-ல் வந்த கணக்கின்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடச் சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அப்படியும் பொதுமக்களின் சராசரி ஆயுளைவிட ஐந்தரை வருடம் குறைவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் பெரும்பாலோர் செய்துகொண்டது இன்று வழக்கொழிந்த ஒரு வகை. ஆகவே இதை அப்படியே இன்றைய ஆபரேஷனுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் போக்கு புரிகிறது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வில், மொத்த மரணம் 40 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரை நோயால் வரும் மரணம் 92 சதவீதம் குறைந்திருந்தது. இதெல்லாம் சாதாரண வரவு அல்ல.

செலவுப் பக்கம்

முதல் பயம் ஆபரேஷன் மேஜையைப் பற்றித்தான். தையலில் கசிவு, இரத்தக் கட்டி, நுரையீரல் அடைப்பு போன்றவை வரக்கூடும். ஸ்வீடன் கணக்கில் முதல் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர். பயம் நியாயமானது, ஆனால் விகிதம் சிறியது. நாம் கவனிக்கத் தவறுவது அதற்குப் பின்னால் வருவதைத்தான்.

சத்துக் குறைவு: பி12, இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை குறையும். பைபாஸில் இது அதிகம், ஸ்லீவிலும் உண்டு. மாத்திரையும் வருடாந்தர இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் வேண்டும். கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயும் கூடாது. ஆபரேஷன் முடிந்த மாதங்களில் ஓயாமல் வாந்தி இருந்தால் பி1 சத்து வெகு சீக்கிரம் தீர்ந்து மூளையையே பாதிக்கும். அப்போது நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கலாகாது.

புரதம்: ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். துவரம் பருப்பு 100 கிராமில் புரதம் சுமார் 22 கிராம்தான். பருப்பு மட்டும் தின்று 60 கிராம் சேர்க்க வேண்டுமானால், வேகவைக்காத எடையில் கால் கிலோவுக்கு மேல் வேண்டும்! சிறு கிண்ணம் அளவு வயிற்றில் அது எப்படி அடங்கும்? ஆகவே சைவக் குடும்பத்தினர் பால், தயிர், பன்னீர், சோயா, புரதப் பொடி என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பருப்பு விற்கிற நமக்கே இந்தக் கணக்கு தெரியாமல் போனது.

நெஞ்செரிச்சல்: ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலேறுவது அதிகம். பின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஆய்வில், பத்து வருடம் கழித்து எண்டோஸ்கோப்பி பார்த்தபோது உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதமும், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதமும் இருந்தது.

புண்ணும் அடைப்பும்: பைபாஸில் இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், மூட்டு வலி, முதுகு வலி என்று மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்குபவர்களுக்கும் இது அதிகம். சில வருடம் கழித்துக்கூடக் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு கடும் வயிற்றுவலி வரலாம். அதை வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பைக் கல் வருவதும் சகஜம்.

இனிப்பும் மயக்கமும்: பைபாஸ் செய்தவர் அல்வாவோ சர்க்கரை போட்ட பானமோ சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரும். வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எலும்பு: கால்சியம் குறைவாலும் எடை குறைவாலும் எலும்பின் வலு குறைந்து, முறிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. வயது ஏற ஏற இது பெரிதாகும்.

மதுவும் மனமும்: பைபாஸுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் இரத்தத்தில் சீக்கிரம், அதிகமாக ஏறுகிறது. முன்பு கட்டுக்குள் இருந்தவர்கள் அடிமையாவதும் உண்டு. மேலே சொன்ன யூட்டா ஆய்விலேயே, நோயால் வரும் மரணம் குறைந்தாலும் விபத்து, தற்கொலை போன்றவற்றால் வந்த மரணம் 58 சதவீதம் கூடியிருந்தது. சாப்பாட்டில் ஆறுதல் தேடிய மனிதருக்கு அந்த ஆறுதல் போய்விடுகிறது. குடும்பத்தார் இதை மறந்துவிடலாகாது.

எடையும் சர்க்கரையும் திரும்புவது: ஸ்வீடன் கணக்கில், சர்க்கரை நோய் இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் அது மறைந்திருந்தது. பத்து வருடத்தில் அது 36 சதவீதமாகவும், பதினைந்து வருடத்தில் 30 சதவீதமாகவும் இறங்கியது. "சர்க்கரை ஓடிப்போய்விட்டது" என்று பரிசோதனையை நிறுத்துவது பெரிய தவறு. திரும்பி வந்தாலும், நடுவில் கிடைத்த நல்ல வருடங்கள் கண்ணையும் சிறுநீரகத்தையும் காத்திருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

செய்யாமல் இருப்பதற்கும் செலவு உண்டு

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் வேண்டவே வேண்டாம்" என்று முடிவு கட்டுவதும் சரியான கணக்கு ஆகாது. சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். 118 கிலோவும் இன்சுலினும் தூக்கத்தில் மூச்சுத் திணறலுமாக இருப்பவருக்குச் சும்மா இருப்பதே பெரிய ஆபத்து. அதே ஸ்வீடன் கணக்கில், ஆபரேஷன் செய்யாத பருமனானவர்களின் ஆயுள் பொதுமக்களைவிட எட்டரை வருடம் குறைந்திருந்தது. நம் தம்பியிடம் கேட்டோம். "கால் மரத்தது மரத்ததுதான் அண்ணாச்சி. ஆனாலும் மறுபடி அந்த நாள் வந்தால் செய்துகொள்வேன், மாத்திரையை மட்டும் விடமாட்டேன்" என்கிறார்.

ஊசி மருந்தும் இப்போது வந்திருக்கிறது. மவுன்ஜாரோ, வெகோவி ஆகிய இரண்டும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் வெகோவியில் உள்ள செமக்ளூடைட் மருந்தை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றதாக ஆய்வில் தெரிந்தது. ஆகவே அதுவும் நெடுநாள் செலவுதான். யாருக்கு எது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணைப் பி.எம்.ஐ. என்கிறார்கள். இந்திய நிபுணர்கள் 2009-ல் சொன்ன அளவுகோல் இது: உணவும் உடற்பயிற்சியும் பலன் தராத நிலையில், சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5-க்கு மேலும், நோய் இல்லாவிட்டால் 37.5-க்கு மேலும் ஆபரேஷனை யோசிக்கலாம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 32.5 என்பது சுமார் 88 கிலோ, 37.5 என்பது 102 கிலோ. 2022-ல் உலக அளவிலான அறுவை நிபுணர் சங்கங்கள் ஆசிய மக்களுக்கு இந்த எல்லையை 27.5 வரை இறக்கிச் சொல்லியிருக்கின்றன. ஆக, பத்துக் கிலோ தொந்திக்கு இது வைத்தியம் அல்ல. அதற்கு இரவுப் பரோட்டாவை நிறுத்தி நடந்தாலே போதும்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதியில், எண் 40-க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை போன்றவை இருக்க வேண்டும். மற்ற சிகிச்சைகள் பலன் தராமல் போயிருக்கவும் வேண்டும். அதாவது, 33 உள்ள சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் 'செய்யலாம்' என்று சொன்னாலும் பணம் கைக்கு வராமல் போகலாம். பாலிசியைப் படித்து, முன் அனுமதி எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்த வகை ஆபரேஷன், எனக்கு ஏன் அது? எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்றா?

2. நீங்கள் செய்தவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர் இன்னும் உங்களிடம் பரிசோதனைக்கு வருகிறார்கள்?

3. மாத்திரை, புரதப் பொடி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு என்ன செலவு? அதை இருபதால் பெருக்கிப் பார்த்தீர்களா?

4. நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால் யாருக்குப் போன் செய்வது? எங்கள் ஊரில் இதைத் தெரிந்த டாக்டர் யார்?

5. மீண்டும் ஆபரேஷன் தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது?

6. வீட்டில் இளம்பெண்ணுக்கு என்றால், கர்ப்பத்தை எத்தனை மாதம் தள்ளிப்போட வேண்டும்? ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை என்பது பொதுவான அறிவுரை.

இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் போகலாம். "இந்த மாதம் சேர்ந்தால் தள்ளுபடி" என்கிறவரிடம் சற்றுத் தள்ளியே நிற்கலாம். தள்ளுபடிச் சரக்கின் லட்சணம் நமக்குத் தெரியாததா?

இப்போது நம் முறை

நம் மகனுக்கு வயது 36. உயரம் 165 செ.மீ., எடை 104 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை. இரவில் குறட்டை விடும்போது மூச்சு நின்று நின்று வருவதாக மருமகள் சொல்கிறார். "அப்பா, சித்தப்பா மாதிரி நானும் செய்துகொள்கிறேன்" என்றார். வீட்டில் அவருடைய அம்மா, "சித்தப்பா காலைப் பார்த்தபிறகுமா?" என்று அழுதுவிட்டார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

முதலில் போன இடத்தில் அரை மணி நேரத்தில் ஸ்லீவ் என்று சொல்லி, மொத்தத் தொகையும் தேதியும் கொடுத்துவிட்டார்கள். மகனுக்கு இரவில் நெஞ்செரிச்சல் உண்டு என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு, உணவுக்குழாயில் புண் இருக்கிறது, ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ்தான் பொருந்தும் என்றார். அதுவும் ஆறு மாதம் உணவுப் பழக்கத்தை மாற்றி, தூக்கப் பரிசோதனை செய்து, பி12 அளவைச் சரிசெய்த பிறகு என்றார்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, செய்துகொள்வது என்றே முடிவெடுத்திருக்கிறோம். மூன்று நிபந்தனைகள். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தனியாக ஒரு நோட்டு, அதை எழுதும் பொறுப்பு மருமகளுடையது. வருடா வருடம் புதுக்கணக்கு போடும் மாதத்தில் இரத்தப் பரிசோதனை. அந்தச் செலவுக்காக இப்போதே வங்கியில் ஒரு வைப்புத் தொகை, நம் காலத்துக்குப் பிறகும் அதை யாரும் தொடக்கூடாது.

மருத்துவமனை கொடுக்கப்போகும் தாளை இந்த முறை இரும்புப் பெட்டியில் வைக்கப்போவதில்லை. கல்லாவுக்கு மேலே, காலண்டர் பக்கத்தில் ஆணி அடித்தாயிற்று.

நண்பர்களே, ஒரு லாரி சரக்கு எடுப்பதற்கு முன் பத்துக் கணக்கு போடுகிறோம். உடம்பு விஷயத்தில், பக்கத்துக் கடைக்காரர் இளைத்ததைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அவருடைய காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பயந்து ஒதுங்கவும் வேண்டாம். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, இந்த வாரமே ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.